புகழும் பொருளும்: பிறநாட்டுக் கல்வித் தெரிவு

கடல் கடந்து கற்க விழையும் மாணாக்கனுக்கு இரு பல்கலைக்கழகங்களிலிருந்து அனுமதி கிட்டுமாயின், மகிழ்ச்சியோடு தடுமாற்றமும் உடன் தோன்றும். அவற்றுள் ஒன்று இளமை தொட்டு மனம் விழைந்தது. பெரும் பெயர் வாய்ந்தது. ஆனால் குடும்பத்தின் பொருள் நிலைக்கு எட்டாதது. மற்றையது அத்துணைப் புகழ் இல்லாதது. எனினும் இடையூறின்றிப் படித்து முடித்தற்கு இயல்வது. பின்னையதைக் கொள்வது தோல்வியென்றே பலர் கருதுவர். அக்கருத்துப் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

பட்டத்தின் மதிப்பையும் அதனைப் பெறும் இடத்தையும் வேறு பிரித்து நோக்கும் வழக்கம் இலங்கைக்குப் புதிதன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல், தன்னிடம் வந்து உறையாத மாணாக்கரும் சோதனை எழுதிப் பட்டம் பெற இடமளித்தது. கொழும்பில் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை, அப்பட்டச் சோதனைகளுக்கே மாணாக்கரை ஆயத்தஞ் செய்தது. அவர்கள் கப்பலேறாதே பட்டம் பெற்றனர்.

செலவைக் கணக்கிடுவோர் பெரும்பாலும் முதலாண்டுக் கட்டணத்தையே நோக்குவர். பட்டமோ ஓராண்டில் முடிவதன்று. எல்லா ஆண்டுகளுக்குமுரிய கட்டணம், உறையுள், உணவு, மருத்துவக் காப்புறுதி ஆகிய யாவும் ஒருங்கே எண்ணப்படல் வேண்டும். அன்றியும், குடும்பத்தின் வரவு ரூபாவில். செலவோ அயல் நாணயத்தில். 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலரின் விலை, அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவளவிற்கு உயர்ந்தது. ஆண்டுக்கு 30,000 டொலர் வேண்டும் மாணாக்கன் ஒருவனையும், 8,000 டொலர் வேண்டும் மாணாக்கன் ஒருவனையும் எடுத்துக்கொள்க. முன்னவனுக்கு 60 இலட்சம் ரூபாவாயிருந்த செலவு 108 இலட்சமாகும். பின்னவனுக்கு 16 இலட்சம் 29 இலட்சத்தை அணுகும். உயர்ந்த விகிதம் ஒன்றேயாயினும், முன்னவன் வீட்டார் மேலும் தேட வேண்டியது 48 இலட்சம். பின்னவன் வீட்டார் தேட வேண்டியது 13 இலட்சமளவே. பின்னதைக் கடன்பட்டேனும் நிரப்பலாம். முன்னதைக் காணியை ஈடுவைத்தும் நிரப்பல் அரிது.

குறைந்த செலவிற் கற்கும் வழிக்கு ஜேர்மனி தக்க எடுத்துக்காட்டாகும். ஆங்கு அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் பிறநாட்டாரிடமும் கற்பித்தற் கட்டணம் பெறப்படுவதில்லை. ஆயினும் விதிவிலக்குகள் உள. பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சாராத மாணாக்கரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ பெறுகின்றது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024இல் அத்தகையோர்க்குக் கட்டணம் விதிக்கத் தொடங்கியது. கட்டணம் இல்லையெனினும் வாழ்க்கைச் செலவு உண்டு. அதற்குச் சான்றாக, விசா வேண்டுவோர் தனிக் கணக்கொன்றில் இட வேண்டிய தொகை 2024 செப்டெம்பரில் ஆண்டுக்கு 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. இளநிலைப் பாடங்கள் பெரும்பாலும் ஜேர்மன் மொழியிலேயே கற்பிக்கப்படுதலின், மொழி பயிலும் காலமும் செலவின் கூறேயாம்.

புகழ்பெற்ற இடத்தை விடுத்தால் எதிர்கால வருவாய் குன்றுமோ என்னும் அச்சம் இயல்பானது. ஸ்டேசி டேல், அலன் குரூகர் என்னும் இருவர் 1976இல் கல்லூரி புகுந்த அமெரிக்க மாணாக்கரை ஆராய்ந்து, 2002இல் தம் முடிபை வெளியிட்டனர். ஒத்த தகுதியுடையோருள், அரிதில் இடங்கிட்டும் கல்லூரியிற் பயின்றோரும் ஏனைய கல்லூரியிற் பயின்றோரும் ஏறக்குறைய ஒத்த வருவாயே பெற்றனர் என்பது அம்முடிபு. ஆயின் வறிய குடும்பத்து மாணாக்கர்க்கு முன்னைய கல்லூரிகள் மிகுபயன் அளித்தன என்பதையும் அவர்கள் கண்டனர். அந்நாட்டு மாணாக்கரைப் பற்றிய இம்முடிபு பிறநாட்டார்க்கு முற்றும் பொருந்துமெனல் இயலாது. எனினும் வெற்றிக்குக் காரணம் கல்லூரியின் பெயர் மட்டுமன்று என்பதை அது புலப்படுத்தும்.

ஈண்டு மற்றொன்றும் கருதத்தக்கது. பெரும் பெயர் என்றவுடன் பெருஞ்செலவு என முடிவுசெய்து விண்ணப்பியாது விடுதலும் தவறு. ஹாவாட், யேல், பிரின்ஸ்டன் முதலியன இளநிலை மாணாக்கரைத் தெரியுமிடத்துப் பிறநாட்டாரின் பொருள் நிலையையும் நோக்குவதில்லை. தெரிந்த பின் குடும்பத்தால் இயலாத பகுதியைத் தாமே உதவுகின்றன. ஆங்கு இடம் கிட்டுதல் மிக அரிது. கிட்டின், புகழ் மிக்க அவ்விடமே செலவு குறைந்ததாதலும் கூடும். ஆதலின், அறிவித்த கட்டணத்தையன்று, உதவி கழித்து எஞ்சுவதையே ஒப்புநோக்குதல் வேண்டும்.

இடைநடுவிற் பொருள் முட்டுப்பட்டுத் திரும்பும் மாணாக்கன் பட்டமின்றிக் கடனோடு வீடு சேர்கின்றான். அக்கடன் அவன் தம்பி தங்கையரின் கல்வியையும் தடுக்கும். இயன்ற இடத்திற் சேர்ந்து முடித்தவனுக்கோ மேற்படிப்பின் வாயில் திறந்தேயிருக்கும். முன்பு விழைந்த பல்கலைக்கழகத்திற்கே புலமைப்பரிசில் பெற்றுச் செல்லவும் கூடும். ஆகலின், இயல்வதைத் தெரிதல் ஆசையைக் கைவிடுதலன்று. அதனை உரிய காலத்திற்கு ஒத்திவைத்தலேயாம்.