பிறந்த தேதி தெரிந்த தீவு

பள்ளிக் கண்காட்சியில் எரிமலை என்றாலே களிமண் கூம்பு, சமையல் சோடா, வினிகர்தான். நுரை பொங்கும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஆனால் கடலுக்குள்ளிருந்து நிலம் எப்படி எழுகிறது என்பது அதில் தெரியாது. அதைச் சொல்லித்தர ஐஸ்லாந்தின் சுர்ட்சி தீவைவிட நல்ல பாடம் இல்லை.

1963 நவம்பர் 14. ஐஸ்லாந்துக்குத் தெற்கே மீன்பிடிக்கப் போனவர்கள் கடலில் கரும்புகையைக் கண்டார்கள். ஏதோ கப்பல் தீப்பிடித்திருக்கிறது என்று நெருங்கிப் போனால், கடலே வெடித்துக்கொண்டிருந்தது! சுமார் 130 மீட்டர் ஆழத்தில் கடலடி பிளந்து பாறைக்குழம்பு பீறிட்டது. மறுநாளே நீருக்கு மேல் ஒரு மேடு தெரிந்தது.

அந்த மேடு வெறும் சாம்பலும் கல்துகளும்தான். கொதிக்கும் பாறைக்குழம்பு கடல்நீரைத் தொட்டால் நீர் நொடியில் ஆவியாகி, குழம்பைச் சிதறடித்துவிடும். அந்தத் தூளை அலை எளிதில் கரைத்துவிடும். அருகிலேயே அப்படி முளைத்த சிர்ட்லிங்கூர், யோல்னிர் என்ற இரு தீவுகள் சில மாதங்களில் காணாமல் போயின. சுர்ட்சி மட்டும் எப்படித் தப்பியது? பிள்ளைகளிடம் முதலில் இந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டும். யோசிக்க விடுங்கள், விடையை உடனே சொல்லிவிடாதீர்கள்.

தீவு வளர வளர, கடல்நீர் எரிமலையின் வாய்க்குள் புக முடியாமல் போனது. 1964 ஏப்ரலில் குழம்பு சிதறாமல் வழிந்தோடி, இறுகிப் பாறையாகி, சாம்பல் மேட்டுக்குக் கவசமானது. 1967 ஜூனில் வெடிப்பு ஓய்ந்தபோது தீவின் பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். அலை அரித்து, இன்று அதில் பாதிகூட இல்லை. பிறப்போடு இந்தத் தேய்மானத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் பாடம் முழுமையாகும்.

வகுப்பில் செய்துகாட்ட எளிய வழி இருக்கிறது. வெப்பம் தாங்கும் கண்ணாடிக் குவளையின் அடியில் மெழுகை உறையவிட்டு, அதன்மேல் மணல் பரப்பி, குளிர்ந்த நீர் ஊற்றி, ஆசிரியரே அடியில் மெல்லச் சூடேற்றட்டும். உருகிய மெழுகு மணலைத் துளைத்து எழும். நீர் பட்டதும் உறையும். நுரையைவிட இது எவ்வளவோ மேல்.

பிறகு இந்திய வரைபடத்தை விரியுங்கள். அந்தமான் கடலில் இருக்கும் பாரன் தீவும் எரிமலை எழுப்பியதுதான். நம் நாட்டில் இன்றும் உயிர்ப்போடு இருக்கும் ஒரே எரிமலை அது. அந்தப் புள்ளியை ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் தேடிக் கண்டுபிடிக்கட்டும்.