சொல்லும் சித்திரமும்: மாரிஸ் செண்டாக்கின் படநூலை முதிர்பருவத்தில் மறுவாசித்தல்

திறவுச்சொற்கள்: சிறார் இலக்கியம், படநூல், மறுவாசிப்பு, பக்க அமைப்பு, மாரிஸ் செண்டாக்

முன்னுரை

இளமையில் கண்ட படநூலை வளர்ந்தபின் மீண்டும் எடுப்போர் பெரும்பாலும் எழுத்தையே முதலில் நாடுகின்றனர். ஓவியத்தை எழுத்துக்குத் துணையாகக் கருதிக் கடந்துவிடுகின்றனர். எழுத்தறியாக் குழந்தையோ ஓவியத்தின்வழியே கதையைத் தொடர்கிறது. இவ்விரு வாசிப்புகளும் வேறுபடும் இடத்தை, அமெரிக்க ஓவியரும் எழுத்தாளருமான மாரிஸ் செண்டாக்கின் (1928–2012) 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்' என்னும் நூலைக்கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. 1963இல் வெளிவந்த இந்நூல் 1964இல் கால்டிகாட் பதக்கம் பெற்றது.

கதையும் கண்டனமும்

ஓநாய் உடையணிந்து குறும்பு செய்யும் மாக்ஸ் என்னும் சிறுவனை அவன் தாய் இரவுணவின்றி அறைக்கு அனுப்புகிறாள். அறை காடாகிறது, அவன் கடல் கடந்து சென்று கொடுவிலங்குகளுக்கு அரசனாகிறான், பின்னர் அன்பை நாடி வீடு திரும்புகிறான். எழுத்தை மட்டும் நோக்கினால் இது தண்டனைக் கதையாகவே தோன்றும். உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் 1969இல், தாய் உணவை மறுப்பது குழந்தைக்குக் கைவிடப்படும் அச்சத்தைத் தரும் எனக் கண்டித்தார். அவர் நூலைத் தாமே பார்க்கவில்லை. பிறர் கூறக் கேட்டே கருத்துரைத்தார் என்பது இங்குக் கருதத்தக்கது.

ஓவியம் உணர்த்துவன

தொடக்கத்தில் அகன்ற வெள்ளை விளிம்புக்குள் சிறிதாக அடங்கியிருக்கும் ஓவியம், மாக்ஸின் கற்பனை விரிய விரியத் தானும் பெரிதாகிறது. ஒரு பக்கத்தை நிரப்பி, எதிர்ப்பக்கத்திலும் படர்கிறது. விலங்குகளின் கொண்டாட்டம் மூன்று இணைப்பக்கங்களில் சொல்லே இன்றி நிகழ்கிறது. உரக்க வாசித்துக் காட்டும் பெரியவர் அங்கு வாய்மூட நேர்கிறது. கதைசொல்லும் உரிமை குழந்தையின் கைக்கு மாறுகிறது. கொண்டாட்டத்தை நிறுத்த ஆணையிடுபவனும் மாக்ஸே. அவ்விலங்குகளை உணவின்றி உறங்க அனுப்புகையில், தான் பெற்ற தண்டனையை அவனே வழங்குபவனாகிறான்.

மறுவாசிப்பில் புலப்படும் நுண்குறிப்பு ஒன்று உண்டு. பயணத்திற்கு முன்பே, வீட்டுச் சுவரில் மாக்ஸ் வரைந்த கொடுவிலங்கின் படம் தொங்குகிறது. எனவே அவனை எதிர்கொள்ளும் விலங்குகள் புறத்திலிருந்து வந்தவை அல்ல. அவனுடைய சினம் கொண்ட உருவங்கள் எனலாம். புறப்படும்போது சாளரத்தில் தெரிந்த பிறை, திரும்பும்போது முழுநிலவாகியுள்ளது. ஓநாய் உடையின் தலைமூடியும் பின்னே தள்ளப்பட்டுள்ளது. மாற்றம் அவனுள் நிகழ்ந்ததை எழுத்து கூறவில்லை, ஓவியம் காட்டுகிறது.

தாய் எந்த ஓவியத்திலும் இடம்பெறவில்லை. அவளது மன்னிப்பை அறையில் காத்திருக்கும் உணவே உணர்த்துகிறது. அவ்வுணவின் சூடு ஆறவில்லை என்னும் செய்தி, ஓவியமற்ற இறுதிப் பக்கத்தில் சொல்லாக மட்டும் நிற்கிறது. அந்த ஓரிடத்தில் ஓவியம் ஒதுங்கிச் சொல்லுக்கு இடமளிக்கிறது.

முடிவுரை

கண்டனம் கண்ட அச்சம் நூலில் இல்லாததன்று. ஆனால் அதனை ஆளும் வழியையும் நூலே ஓவியத்தின்வழிக் காட்டுகிறது. ஆகவே, படநூலின் கதைச்சுருக்கத்தை மட்டும் கொண்டு அதனை மதிப்பிடுதல் பாதி நூலை மதிப்பிடுவதாகும். ஓவியத்தின் அளவு, வெற்றிடம், பக்கம் திருப்பும் இடம் ஆகியவற்றையும் பனுவலின் உறுப்புகளாகக் கொள்ளும்போதே முதிர்ந்த வாசகர், குழந்தை முன்பே கண்டிருந்த கதையைச் சென்றடைகிறார்.