உயிரணுவைத் திறக்கும் சவர்க்காரங்கள்

மாசாயை அடுத்த பாசிர் கூடாங்கில் செம்பனை எண்ணெய் ஆலைகளும் அவ்வெண்ணெயிலிருந்து கொழுப்பு அமிலங்களைப் பிரிக்கும் தொழிற்கூடங்களும் உள்ளன. செம்பனைப் பருப்பெண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். பன்னிரண்டு கரிம அணுக்கள் கொண்ட அவ்வமிலத்தை ஆல்கஹாலாக மாற்றி, முனையில் சல்பேட்டுத் தொகுதியைப் பொருத்தினால் சோடியம் டோடெசைல் சல்பேட்டு கிடைக்கும். பற்பசையில் நுரை தரும் இப்பொருளே, உயிரணுவை உடைக்க ஆய்வகங்கள் கையாளும் சவர்க்காரங்களுள் மிகக் கடுமையானது.

பெயரைப் பற்றி ஒரு சொல். 'அழுக்கு நீக்கி' என்பது சலவைக்குப் பொருந்தும். ஆய்வகத்தில் நீக்க வேண்டிய அழுக்கு ஏதுமில்லை. 'சவர்க்காரம்' என்றாலோ அதிலுள்ள 'காரம்' மாணவரை வேதியியற் காரத்தை எண்ணச் செய்யும். எனினும் நம் வீடுகளில் வழங்கும் சொல்லாதலின் அதனையே இங்கு ஆள்கிறோம்.

எதிர்ப்பொருள்வழி வீழ்படிவாக்கம் என்பது ஒருவகைத் தூண்டில் முறை. உயிரணுக்களை உடைத்துப் பெற்ற கரைசலில், குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டுமே பற்றும் எதிர்ப்பொருளை இடுகிறோம். அது தன் இலக்கைப் பற்ற, நுண்மணிகளின் துணையால் இரண்டையும் வெளியே இழுக்கிறோம். இலக்கோடு கைகோத்திருந்த பிற புரதங்களும் உடன் வரும். எவை வந்தன என்பதுதான் ஆய்வாளரின் வினா.

உயிரணுவின் சுவர் போன்ற சவ்வு ஈரடுக்குக் கொழுப்பாலானது. சவர்க்கார மூலக்கூற்றின் தலை நீரை நாடும். வால் கொழுப்பை நாடும். வால்கள் சவ்வினுள் புகுந்து அதனைச் சிதைக்கின்றன. இடர்ப்பாடு யாதெனில், சவ்வைக் கலைக்கும் ஆற்றல் புரதங்களின் பிணைப்பையும் கலைத்துவிடக்கூடும். சோடியம் டோடெசைல் சல்பேட்டு புரதத்தின் மடிப்பையே அவிழ்த்துவிடும். டிரைட்டான் எக்ஸ்-100, என்பி-40 போன்ற மின்னூட்டமற்றவை மென்மையானவை. 1 விழுக்காட்டளவில் சவ்வைத் திறந்து, பெரும்பாலான பிணைப்புகளை விட்டுவைக்கும்.

'பெரும்பாலான' என்ற சொல்லில்தான் சிக்கல் உள்ளது. உயிரணு வளர்ச்சியை ஆளும் எம்டார் என்னும் புரதம் 1994-இல் பாலூட்டிகளில் அடையாளம் காணப்பட்டது. அதன் நெருங்கிய துணையான ராப்டரோ 2002-இல்தான் அமெரிக்க, சப்பானியக் குழுக்களின் ஆய்வுகளில் வெளிப்பட்டது. மென்மையானவை என நம்பப்படும் டிரைட்டானும் என்பி-40-உம் இவ்விணையைப் பிரித்துவிடுகின்றன. சாப்ஸ் என்னும் சவர்க்காரம் காக்கிறது. சவ்விலுள்ள டி-உயிரணு ஏற்பியும் அவ்வாறே: என்பி-40-இல் தன் துணைப் புரதங்களை இழக்கும், டிஜிட்டோனினில் இழக்காது. ஆகவே, 'உடன் எதுவும் வரவில்லை' என்று முடிவெழுதும் மாணவர் உண்மையில் தம் புட்டியிலிருந்த சவர்க்காரத்தின் குணத்தையே எழுதியிருக்கலாம்.

கடுமையானவற்றைத் தள்ளிவிடவும் இயலாது. மென்மையானவை உட்கருவை முழுமையாகத் திறப்பதில்லை. அங்குள்ள புரதங்களைப் பெற, 1 விழுக்காடு என்பி-40, 0.5 விழுக்காடு பித்த உப்பான டீஆக்சிகோலேட்டு, 0.1 விழுக்காடு டோடெசைல் சல்பேட்டு மூன்றும் கலந்த ரிப்பா கரைசல் பயன்படும். இலக்குப் புரதத்தை மட்டும் அறிய வேண்டுமாயின், துணைகள் பிரிவதும் நன்மையே. சிலர் 1 விழுக்காடு டோடெசைல் சல்பேட்டிலேயே உடைப்பர். ஆனால் எதிர்ப்பொருளும் ஒரு புரதமே. அதனை இடுமுன், டிரைட்டான் கலந்த கரைசலால் பத்து மடங்கு நீர்க்கச் செய்வது கட்டாயம்.

புதிய இணையைத் தேடுவோர் ஒரே உயிரணுக்களை இரண்டு மூன்று சவர்க்காரங்களில் தனித்தனியே உடைத்து ஒப்பிடுவது நன்று. புட்டியின் பெயரை மட்டும் நம்புவதும் தகாது: ஷெல் நிறுவனத்தின் அசல் நானிடெட் பி-40 இன்று உற்பத்தியில் இல்லை; அப்பெயரில் கிடைப்பவை மாற்றுப் பொருள்கள். டிரைட்டானும் சிதைந்து இயக்குநீர் போல் செயற்படும் ஆக்டைல்பீனாலைத் தருவதால், 2021 சனவரி 4 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதிக்கு உட்பட்ட பொருளாயிற்று. அதற்கு மாற்றாக வருவது எதுவாயினும், எந்தெந்தப் பிணைப்புகளை அது விட்டுவைக்கிறது என்று மீண்டும் சோதித்தாக வேண்டும்.