கீழ்க்கையால் சர்வ் போட்ட வீராங்கனை

2015ஆம் ஆண்டில் கடற்கரைக் கைப்பந்து ஆட்டங்களைக் கண்டவர்கள் ஒரு காட்சியைக் கண்டு திகைத்தனர். மூன்று ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களை வென்றவரும், ஆறடிக்கு மேல் உயர்ந்தவருமான அமெரிக்க வீராங்கனை கெர்ரி வால்ஷ் ஜென்னிங்ஸ், பந்தை இடுப்பளவில் வைத்துக்கொண்டு கீழிருந்து மேலாகத் தட்டி சர்வ் போட்டார். பள்ளி மைதானத்தில் வாலிபால் கற்கத் தொடங்கும் சிறுமியர் முதல் நாளன்று போடும் சர்வ் அது. உலகத் தரத்தில் ஆடுபவர்கள் பெரும்பாலும் தாமாக விரும்பி அப்படிப் போடுவதில்லை.

காரணம் அவருடைய வலது தோள். ஏற்கெனவே பல முறை அறுவை சிகிச்சைக்கு உள்ளாகியிருந்த அந்தத் தோள், அவ்வாண்டு சில மாத இடைவெளியில் இரு முறை மூட்டு விலகியது. கையைத் தலைக்கு மேல் உயர்த்தி ஓங்கி அடிக்க இயலாத நிலை. அதேவேளை, அடுத்த ஆண்டு நடைபெறவிருந்த ரியோ ஒலிம்பிக்கில் தகுதி பெற வேண்டுமானால் போட்டிகளில் பங்கேற்றே ஆகவேண்டும். ஆகவே இயன்றதைக் கொண்டு ஆடினார். செப்டம்பரில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். (சிகிச்சையைத் தள்ளிப்போடுவதற்கு இதனை ஒரு சான்றாக நம் வாசகர் எவரும் கொள்ள வேண்டா. அது அவருடைய தொழிலின் நெருக்கடியில் எடுக்கப்பட்ட முடிவு. விலகிய தோளை உடனே மருத்துவரிடம் காட்டுவதே முறை.)

அவர் வென்ற பதக்கங்களைக் காட்டிலும் இந்தக் கீழ்க்கை சர்வே எங்கள் நினைவில் நிற்கிறது. இயன்முறை சிகிச்சைப் பிரிவில் அன்றாடம் நாங்கள் காணும் ஒரு தயக்கத்தோடு அது நேரடியாகப் பேசுகிறது. பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்த பெரியவர் ஒருவர், இடக்கையால் உண்பதைப் பிறர் பார்க்கலாகாது என்பதற்காகப் பந்திக்கே வராமல் இருந்துவிடுகிறார். இடுப்பு எலும்பு முறிவுக்குப் பின் வாக்கரைப் பிடித்து நடக்கும் அம்மையார், உறவினர் வரும் ஓசை கேட்டதும் அதனைக் கட்டிலுக்குப் பின்னே தள்ளிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மீண்டும் விழுவது பெரும்பாலும் அத்தகைய தருணங்களில்தான். நேற்றுவரை செய்ததை இன்று செய்ய இயலாமை ஒரு துன்பம். அதனைக் குறைந்த வடிவில் செய்யும்போது பிறர் காண்கிறார்களே என்னும் கூச்சம் வேறொரு துன்பம். முன்னதற்கு மருந்தும் பயிற்சியும் உண்டு. பின்னதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

கெர்ரிக்கு அந்தக் கூச்சம் இருந்திருக்குமா என்பதை நாங்கள் அறியோம். இருந்திருந்தாலும், பந்து வலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் விழுந்தால் போதும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். சர்வின் பணி அவ்வளவே. ஓங்கி அடித்தாலும் மெல்லத் தட்டினாலும் ஆட்டம் தொடங்கிவிடுகிறது.

இந்த ஆட்டத்தின் அமைப்பைச் சற்று விளக்கினால், உடனிருந்து பராமரிப்பவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு என்பது புலப்படும். ஊர்தோறும் நாம் காணும் வாலிபாலில் ஒரு பக்கத்துக்கு அறுவர்; கடற்கரை ஆட்டத்தில் இருவர் மட்டுமே. ஆடுகளம் 16 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் கொண்டது. மாற்று ஆட்டக்காரர் கிடையாது. ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் மற்றவர் புதிய துணையை அழைத்துக்கொள்ள இயலாது. கெர்ரி ஆடிய ஒலிம்பிக் போட்டிகளில், ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளர் குறிப்புச் சொல்லவும் இடமில்லை. வெயிலும் காற்றும் ஒரு தரப்புக்கே சாதகமாகிவிடாதபடி, ஏழு புள்ளிகளுக்கு ஒருமுறை இரு அணிகளும் பக்கம் மாறிக்கொள்ள வேண்டும்.

சர்வ் செய்யும் அணி, எதிரணியின் இருவரில் யார் தளர்ந்திருக்கிறார் என்பதைப் பார்த்து அவருக்கே திரும்பத் திரும்பப் பந்தை அனுப்பும். பந்தை முதலில் எடுப்பவர் அதனைத் துணைக்குத் தருவார். துணை அதனை வலையருகே உயர்த்திக் கொடுக்க, முதலில் எடுத்தவரே ஓடிவந்து அடித்தாக வேண்டும். எனவே குறிவைக்கப்பட்டவர் இருமடங்கு உழைக்கிறார். துணை அவருடைய பந்தைத் தாமே பறித்து ஆட முடியாது. அவருக்குப் பக்கத்தில் நின்று, அவர் கொடுக்கும் கோணலான பந்தையும் நேராக்கி உயர்த்திக் கொடுப்பது ஒன்றே அவரால் இயலும். நோயாளியின் வலியைத் தாம் வாங்கிக்கொள்ள முடியவில்லையே என்று எங்களிடம் கண்கலங்கும் மகள்களையும் கணவர்களையும் எண்ணும்போது, அந்த இரண்டாவது ஆட்டக்காரரே எங்கள் நினைவுக்கு வருகிறார்.

கெர்ரியின் வாழ்வில் அத்தகைய துணையாக நெடுங்காலம் நின்றவர் மிஸ்டி மே டிரீனர். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அரங்கக் கைப்பந்து ஆடியபின் கடற்கரை ஆட்டத்துக்கு மாறிய கெர்ரி, மிஸ்டியோடு இணைந்தார். இருவரும் 2004இல் ஏதென்ஸிலும், 2008இல் பெய்ஜிங்கிலும், 2012இல் லண்டனிலும் தங்கம் வென்றனர். மூன்று ஒலிம்பிக்கிலும் சேர்த்து 21 ஆட்டங்கள், அனைத்திலும் வெற்றி. இழந்தது ஒரே ஒரு செட். அதுவும் லண்டனில், ஆஸ்திரிய அணியிடம். இடையில் 2007, 2008ஆம் ஆண்டுகளில் தொடர்ந்து 112 ஆட்டங்களில் தோல்வியே காணாமல் வந்தனர். பெய்ஜிங் முடிந்த சில நாள்களில் அந்தத் தொடர் முறிந்தது.

இந்த எண்கள் வியப்பூட்டுபவை. ஆனால் அவற்றின் இடையிடையே நிகழ்ந்தவற்றைப் பதக்கப் பட்டியல் சொல்வதில்லை. மிஸ்டியின் தாயார் 2002இல் புற்றுநோயால் காலமானார். ஏதென்ஸில் தங்கம் வென்ற பின், தாயின் அஸ்தியில் சிறிதளவை மிஸ்டி அந்த ஆடுகளத்தின் மணலில் தூவினார். வெற்றி பெற்ற நாளிலும் துயரம் உடன்வந்தது; அவர் அதனை மறைக்கவில்லை. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில், தொலைக்காட்சி நடனப் போட்டி ஒன்றின் ஒத்திகையில் அவருடைய குதிகால் தசைநாண் அறுந்தது. ஓடுவதற்கும் எம்புவதற்கும் உந்துவிசை தரும் தசைநாண் அது. மணலில் எம்பி ஆடுபவருக்கு அது அறுவதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை. அறுவை சிகிச்சை, நீண்ட பயிற்சி, மீண்டும் களம் என்று நாள்கள் கழிந்தன. கெர்ரியோ அவ்விடைவெளியில் இரு குழந்தைகளுக்குத் தாயானார்.

மீண்டும் இணைந்தபோது பழைய எளிமை வாய்க்கவில்லை. 2011ஆம் ஆண்டு உலகச் சாம்பியன் போட்டியின் இறுதியில் பிரேசில் அணியிடம் தோற்றனர். லண்டனுக்கு ஆயத்தமான காலத்தில் இருவரும் விளையாட்டு உளவியலாளரின் உதவியை நாடினர். உலகின் தலைசிறந்த இணை, தம்முள் எவ்வாறு பேசிக்கொள்வது, பதற்றத்தை எவ்வாறு கையாள்வது என்பதை ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டது. மனநல ஆலோசகரைச் சந்திக்குமாறு நாங்கள் பரிந்துரைக்கும்போது, "எனக்கென்ன பைத்தியமா?" என்று சினம்கொள்ளும் வாசகர்கள் சற்றே இதனை எண்ணிப் பார்க்கலாம்.

சிறு செய்தி ஒன்று. பெய்ஜிங் ஆட்டங்களில் கெர்ரியின் தோளில் கருநிற ஒட்டுப்பட்டை ஒன்று காணப்பட்டது. உலகமே அதனைக் கவனித்தது. இன்றும் பலர் அத்தகைய பட்டையை ஒட்டினால் வலி தீருமா என்று எங்களிடம் வினவுகின்றனர். சிலருக்குச் சிறிது இதமாக இருக்கலாம். அதனால் பெரும்பயன் விளையும் என்பதற்கு வலுவான ஆய்வுச் சான்று இல்லை. கிழிந்த தசைநாணை அது ஒட்டவைக்காது. தோளைத் தேற்றுவது பட்டைக்குக் கீழே உள்ள தசைகளின் பயிற்சியே.

மிஸ்டி லண்டனோடு சர்வதேசக் களத்திலிருந்து விலகினார். அங்கு இறுதி ஆட்டத்தில் தாம் வென்ற எதிரணியிலிருந்த ஏப்ரல் ராஸைக் கெர்ரி தம் புதிய துணையாக்கிக்கொண்டார். தோள் அறுவை சிகிச்சை முடிந்து பதினொரு மாதங்களில், 2016 ஆகஸ்டில், இருவரும் ரியோவின் கோப்பகபானா கடற்கரையில் நின்றனர். முதல் ஐந்து ஆட்டங்களில் வென்றனர். அத்தோடு ஒலிம்பிக் கடற்கரைக் கைப்பந்தில் கெர்ரியின் தொடர் வெற்றி 26 ஆயிற்று.

அரையிறுதி நள்ளிரவை ஒட்டித் தொடங்கியது. எதிரே பிரேசிலின் அகதாவும் பார்பராவும். அரங்கு முழுவதும் அவர்களுடைய ஆதரவாளர்கள். பிரேசில் அணி கெர்ரியைக் குறிவைத்து சர்வ் செய்தது. எத்தனையோ ஆயிரம் முறை எடுத்துப் பழகிய அந்த முதல் தொடுகை அன்று அவருக்குக் கைகொடுக்கவில்லை. பந்து கையில் பட்டுத் தெறித்தது. சில சர்வ்கள் நேரே புள்ளியாயின. 22-20, 21-18 என்று ஆட்டம் முடிந்தது. ஒலிம்பிக் கடற்கரை ஆட்டத்தில் அதுவே அவருடைய முதல் தோல்வி. காற்றையோ தோளையோ துணையையோ அவர் காரணம் காட்டவில்லை. தாம் பந்தைச் சரியாக எடுக்கவில்லை என்பதைத் தாமே ஏற்றுக்கொண்டார்.

மறுநாளே வெண்கலத்துக்கான ஆட்டம். எதிரே மீண்டும் பிரேசில். லாரிசா, டலிடா என்னும் வலிமை மிக்க இணை. முதல் செட்டை 17-21 என்று கெர்ரியும் ஏப்ரலும் இழந்தனர். முந்தைய இரவின் தொடர்ச்சியே இது என்று எவரும் எண்ணியிருப்பர். ஆனால் அடுத்த செட் 21-17, கடைசி செட் 15-9. தொடக்கத்தில் தங்கத்துக்காக வந்தவர், இரு நாள்களுக்கு முன் 38 வயது நிறைந்தவர், வெண்கலத்துக்காக அவ்வளவு மகிழ்ந்தார்.

அந்த இரு நாள்களுக்கும் இடையே அவருடைய திறன் மாறியிருக்க வழியில்லை. ஒரே நாளில் எவரும் புதிய திறனைப் பெறுவதில்லை. தவறிய பந்தைப் பற்றிய எண்ணத்தை அடுத்த பந்து வரும் முன் இறக்கிவைக்க முடிந்தது என்றே நாங்கள் கருதுகிறோம். நேற்று பத்து அடி நடந்தவர் இன்று நான்கு அடியோடு களைத்துவிட்டால், எல்லாம் பின்னோக்கிப் போய்விட்டது என்று முகம் வாடுகிறார். உடல் தேறும் பாதை அவ்வாறுதான் ஏறியும் இறங்கியும் செல்லும். அன்றைய நான்கு அடியைக் குறித்துக்கொண்டு, மறுநாள் மீண்டும் எழுந்து நின்றால் போதும். களைப்போடு மூச்சுத்திணறலோ, புதிய வலியோ, வீக்கமோ இருந்தால் மட்டும் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம். நோயை ஒரு போட்டியாகவும் நோயாளியை வீரராகவும் சித்திரிக்கும் பேச்சு நம்மிடையே மிகுதி. "மனஉறுதி இருந்தால் வென்றுவிடலாம்" என்று பார்க்க வருவோர் சொல்லிச் செல்கின்றனர். அவர்களுடைய அன்பை ஐயுற வேண்டியதில்லை. ஆயினும் சில நோய்கள் மனஉறுதிக்குக் கட்டுப்படுவதில்லை. சிகிச்சை பலனளிக்காதபோது, தாம் போதிய உறுதியோடு இல்லை போலும் என்று நோயாளி தம்மையே குற்றம் சாட்டிக்கொள்வதை நாங்கள் கண்டிருக்கிறோம்; அது கொடுமை. கெர்ரியும் எல்லாவற்றையும் வெல்லவில்லை. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு அவரால் தகுதி பெற இயலவில்லை. அவருடைய பழைய துணை ஏப்ரல் ராஸ் அங்கே வேறொருவரோடு இணைந்து தங்கம் வென்றார். கெர்ரியிடம் முயற்சி குறைந்தது என்று எவரும் சொல்லமாட்டார்.

பராமரிப்பவர்களுக்கு மீண்டும் வருவோம். ஏழு புள்ளிகளுக்கு ஒருமுறை பக்கம் மாறும் விதி, களைப்பும் வெயிலும் ஒருவர் மீதே படியாமல் பார்த்துக்கொள்கிறது. நம் வீடுகளில் இவ்விதி இல்லை. பெரும்பாலும் ஒரே மகள் அல்லது ஒரே மருமகள் இரவும் பகலும் கட்டிலருகே அமர்ந்திருக்க, ஏனையோர் பழங்களோடு வந்து ஆறுதல் கூறிச் செல்கின்றனர். எவர் எந்த நாளில் உடனிருப்பது என்பதை நோயாளி வீடு திரும்பும் முன்பே குடும்பத்தார் அமர்ந்து பேசி, ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைப்பது நன்று. வாரத்தில் ஒரு பிற்பகலேனும் அந்த மகள் உறங்க வேண்டும்.

தோள் அறுவை சிகிச்சை செய்துகொண்டோருக்குச் சில சொற்கள். இடுப்பு மூட்டு, ஆழமான கிண்ணத்தில் அமர்ந்த பந்தைப் போன்றது. தோள் மூட்டோ, சிறு தட்டின்மேல் சாய்ந்திருக்கும் பந்தைப் போன்றது. கையை எத்திசையிலும் சுழற்ற முடிவதும், எளிதில் விலகிவிடுவதும் இதனால்தான். அதனை இடத்தில் நிறுத்துபவை சுற்றியுள்ள தசைகளும் நாண்களும். ஆகவே தைத்த இடம் ஆறும்வரை கைத்தாங்கியைத் தாமாகக் கழற்றலாகாது. விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றை மருத்துவர் சொன்னபடி அசைத்துவர வேண்டும். குனிந்து கையை ஊசல் போலத் தொங்கவிட்டு ஆட்டுதல், சுவரில் விரல்களால் படிப்படியாக ஏறுதல், பின்னர் ரப்பர் பட்டையை இழுத்தல் என்று பயிற்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எதனை எப்போது தொடங்குவது என்பது ஒவ்வொருவருக்கும் வேறுபடும். பக்கத்துக் கட்டில்காரர் சுவரில் எட்டிய உயரத்தை நீங்கள் எட்ட வேண்டியதில்லை. கைப்பேசிக் காணொளியைப் பார்த்துப் புதிய பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளவும் வேண்டா.

முதல் பயிற்சி நாளன்று, வீட்டில் உங்களுக்குத் துணைநிற்கப்போகும் ஒருவரையும் உடன் அழைத்து வாருங்கள். கையை எங்கே தாங்கிப் பிடிக்க வேண்டும், எங்கே பிடிக்கலாகாது என்பதை அவருக்கும் கற்றுத் தருவோம்.