பெயரில் மட்டும் 'லைட்'!

அமெரிக்காவில் 'லைட் விஸ்கி' என்றொரு ரகம் உண்டு. பெயரைப் பார்த்து வீரியம் குறைந்தது என்று எண்ணிவிடக் கூடாது.

1960களில் அமெரிக்கர்கள் காரமான போர்பனை விட்டு வோட்கா, கனடா விஸ்கி பக்கம் சாயத் தொடங்கினர். உள்நாட்டு ஆலைகளுக்குக் கவலை. 1968இல் அரசு புது விதி வகுத்தது. போர்பனை 80 சதவீதச் சாராயத்துக்கு மேல் வடிக்கக் கூடாது. உள்ளே கரித்த புதுப் பீப்பாயில்தான் வைக்க வேண்டும். லைட் விஸ்கியோ 80க்கு மேல் வடிப்பது. பழைய பீப்பாயே போதும். அப்படி வடித்தால் காரம் குறையும். அதனால்தான் 'லைட்'.

1972இல் கடைக்கு வந்தது. அதிகம் பேர் சீந்தவில்லை. கலப்பு விஸ்கிக்குச் சேர்மானமாயிற்று.

இன்று கதை வேறு. இண்டியானா மாநிலத்து லாரன்ஸ்பர்க்கில் வடித்து, பத்து ஆண்டுக்கு மேல் பீப்பாயில் கிடந்த சரக்கை ரசிகர்கள் தேடி வாங்குகிறார்கள். வெனிலா, வெண்ணெய் மிட்டாய், தேங்காய் மணம், மக்காச்சோள இனிப்பு, மரக் கசப்பு குறைவு.

தண்ணீர் கலக்காமல் அப்படியே புட்டியில் அடைப்பதால் வீரியம் 60 சதவீதத்தைத் தாண்டுவதுண்டு. நம் நாட்டு விஸ்கியில் வழக்கமாக 42.8தான். 64 சதவீதப் புட்டியில் ஒரு பெக், இங்கே ஒன்றரை பெக்குக்குச் சமம். இனிப்பு நாக்கை ஏமாற்றும், தலையை ஏமாற்றாது!