செல்ஃப் எடுக்குது, வண்டி ஸ்டார்ட் ஆகலை: கோளாறு எங்கே இருக்கும்?

சாவியைத் திருப்பியதும் ‘டக்’ என்ற ஒற்றைச் சத்தத்தோடு கார் அடங்கிவிடுவது ஒரு வகை. ‘கிர்ர், கிர்ர்’ என்று எஞ்சின் வழக்கமான வேகத்தில் சுற்றியும் பிடிக்காமல் இருப்பது இன்னொரு வகை. மெக்கானிக்குக்குப் போன் செய்யும்போது இரண்டையும் ‘வண்டி ஸ்டார்ட் ஆகலை’ என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால், இரண்டுக்கும் காரணம் வேறு. தேட வேண்டிய இடமும் வேறு. முதல் வகையில் பேட்டரி, டெர்மினல், செல்ஃப் மோட்டார் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். இரண்டாவது வகையில் அவை தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. அப்போது புது பேட்டரி வாங்குவதும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவதும் பெரும்பாலும் வீண் செலவு.

இந்த இரண்டாவது வகையில்தான் பாகங்களை ஊகத்தில் மாற்றிப் பணம் கரைவது அதிகம். வரிசையாகச் சோதித்தால், பிரித்து மேய்வதற்கு முன்பே காரணத்தை நெருங்கிவிடலாம்.

எஞ்சினுக்கு வேண்டியவை

செல்ஃப் மோட்டார் எஞ்சினை நிமிடத்துக்குச் சுமார் 150 முதல் 300 சுற்று வரைதான் சுழற்றும். அந்த மெதுவான சுழற்சிக்குள்ளேயே எரிபொருள் பற்றிக்கொண்டு, எஞ்சின் தன் பலத்தில் 700, 800 சுற்றுக்கு ஏற வேண்டும். பெட்ரோல் எஞ்சினுக்கு அதற்குத் தேவை நான்கு: காற்றோடு சரியான அளவில் கலந்த பெட்ரோல், பிளக்கில் பொறி, கலவையை அழுத்தும் கம்ப்ரஷன், இவை உரிய தருணத்தில் நடக்கும் டைமிங். பட்டறை மொழியில் சொன்னால், ‘பெட்ரோல் வருதா, கரண்ட் வருதா, கம்ப்ரஷன் இருக்கா?’

கார்புரேட்டர் வைத்த அம்பாசடர் காலத்திலும் கேள்விகள் இவைதான். இன்றைய கார்களில் ஐந்தாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. எஞ்சினை இயக்கும் கணினியான இசிஎம் அனுமதி தர வேண்டும். அது மறுத்தால் எல்லாப் பாகமும் நன்றாக இருந்தும் எஞ்சின் பிடிக்காது.

பானெட்டைத் திறக்கும் முன்

ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே பாதி விசாரணையை முடித்துவிடலாம்.

முதலில் டேஷ்போர்டு. சாவி அல்லது பூட்டுப் படம் போட்ட விளக்கு தொடர்ந்து மின்னினால், சாவிக்குள் இருக்கும் சிப்பை இம்மொபிலைசர் அடையாளம் காணவில்லை என்று பொருள். பல கார்களில் அப்போதும் செல்ஃப் எடுக்கும். இன்ஜெக்டருக்கும் பிளக்குக்கும் ஆணை போகாது. சிலவற்றில் ஒரு நொடி ஸ்டார்ட் ஆகி நின்றுவிடும். மாற்றுச் சாவியைப் போட்டுப் பார்ப்பதே இதற்கான சோதனை.

அடுத்து, காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சாவியை ‘ஆன்’ நிலைக்குக் கொண்டுவந்தால், ஸ்டார்ட் செய்யும் முன்பே, பல பெட்ரோல் கார்களில் பின் இருக்கைப் பக்கம் இரண்டு மூன்று நொடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். டேங்குக்குள் இருக்கும் ஃப்யூவல் பம்ப் அழுத்தம் ஏற்றும் சத்தம் அது. வழக்கமாகக் கேட்கும் அந்த ஒலி இன்று இல்லையென்றால் சந்தேகம் பம்ப், அதன் ரிலே, ஃப்யூஸ் ஆகியவற்றின் மேல் திரும்பும்.

பிறகு ஆர்பிஎம் முள். செல்ஃப் அடிக்கும்போது பல கார்களில் அது சற்றே எழும்பும். எழும்பும் காரில் இன்று அசையாமல் கிடந்தால், கிராங்க் சென்சாரைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாக மூக்கு. நாலைந்து முறை முயன்ற பிறகு பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால் எரிபொருள் வருகிறது, பற்றவில்லை என்று கொள்ளலாம். வாடையே இல்லையென்றால் பெட்ரோல் வருகிறதா என்பதிலிருந்து தொடங்கலாம்.

பெட்ரோல் வருதா?

டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்பது கேலிக் கேள்வி அல்ல. சரிவில் நிறுத்திய வண்டியில் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். மிதவை பழுதானால் முள்ளும் பொய் சொல்லும். சிஎன்ஜி கார்களில் பெரும்பாலானவை பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகித்தான் கேஸுக்கு மாறும். ‘கேஸ் நிறைய இருக்கிறதே’ என்று பெட்ரோல் டேங்கைக் காயவிட்டவர்கள் காலையில் தவிப்பது இதனால்தான்.

பம்ப் சத்தம் இல்லையென்றால் முதலில் ஃப்யூஸ், அடுத்து ரிலே. ஹாரனுக்கும் பம்புக்கும் ஒரே எண் கொண்ட ரிலே இருக்கும் கார்களில் இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்தால் விடை கைமேல் கிடைக்கும். ஃபோர்டு, ஃபியட் நிறுவனங்களின் பழைய கார்கள் பலவற்றில், மோதல் அதிர்ச்சியில் பம்பை நிறுத்தும் சுவிட்ச் உண்டு. பெரிய பள்ளத்தில் இறங்கி ஏறியதற்கே அது விழுந்துவிடலாம், அழுத்திவிட்டால் போதும்.

பம்ப் ஓடுகிறது என்பதாலேயே பெட்ரோல் வருகிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. சாதாரண இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களுக்கு 3 முதல் 4 பார் வரை அழுத்தம் வேண்டும். கேஜ் பொருத்தி அளந்தால்தான் தெரியும். பம்பைக் குளிர்விப்பதும் அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுபவர்களின் பம்ப் சீக்கிரம் தேய்வதற்கு இது ஒரு காரணம்.

பெட்ரோல் அளவுக்கு மிஞ்சினாலும் வம்புதான். வாசலில் நிற்கும் வண்டியை நாலடி நகர்த்தி உடனே அணைத்துவிட்டு, சில மணி நேரம் கழித்து வந்தால் ஸ்டார்ட் ஆகாமல் போவதுண்டு. குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதலாகப் பீய்ச்சிய பெட்ரோல் எரியாமல் தங்கி, பிளக்கை நனைத்துவிடுகிறது. ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்துப் பிடித்தபடி சில நொடி செல்ஃப் அடித்தால், பெரும்பாலான கார்களில் இசிஎம் இன்ஜெக்டரை நிறுத்திக் காற்றை மட்டும் விடும். பிளக் காய்ந்து எஞ்சின் பிடித்ததும் காலை எடுத்துவிட வேண்டும்.

கரண்ட் வருதா?

இக்னிஷன் காயில், பேட்டரியின் 12 வோல்ட்டை 20,000 வோல்ட்டுக்கும் மேலே ஏற்றிப் பிளக்குக்கு அனுப்புகிறது. பிளக் வயரைக் கையில் பிடித்து பாடியோடு உரசிப் பார்க்கும் பழைய பழக்கம் ஆபத்தானது. ஷாக் அடிக்கும், காயிலும் இசிஎம்மும் கெடக்கூடும், பெட்ரோல் ஆவி இருந்தால் தீப்பிடிக்கும். இதற்கென்றே ஸ்பார்க் டெஸ்டர் இருக்கிறது.

ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள எஞ்சினில் ஒரு காயில் போனால் வண்டி உதறும், ஆனால் ஓடும். எல்லாச் சிலிண்டரிலும் ஒரே நேரத்தில் பொறி இல்லையென்றால் காயில்களை விட்டுவிட்டு, அவற்றுக்குப் பொதுவான மூலத்தைத் தேட வேண்டும். அங்கே முதலில் நிற்பது கிராங்க் சென்சார். பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பதை இசிஎம் அறிவது அதன் வழியாகத்தான். அந்தச் சிக்னல் நின்றால் பல கார்களில் பொறியும் பெட்ரோலும் சேர்ந்தே நிற்கும். ஓடிக்கொண்டிருந்த வண்டி சூட்டில் நின்று, அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆவது இந்தச் சென்சார் பழுதின் நன்கறிந்த அறிகுறி.

பேட்டரிக்கும் முழு விடுதலை தர வேண்டாம். செல்ஃப் அடிக்கும்போது அதன் மின்னழுத்தம் சுமார் 9.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், எஞ்சின் சுற்றும். ஆனால் இசிஎம்மும் காயிலும் ஒழுங்காக வேலை செய்யாது. சுற்றும் வேகம் வழக்கத்தைவிட மந்தமாக இருப்பதே அதன் அடையாளம்.

கம்ப்ரஷன் இருக்கா?

வழக்கமான ‘கிர்ர், கிர்ர்’ ஒலியில் ஏற்ற இறக்கம் இருக்கும். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்தும்போது செல்ஃப் சற்றே திணறுவதுதான் அந்தத் தாளம். தாளம் மறைந்து, எஞ்சின் பிடிமானமே இல்லாமல் ‘விர்ர்’ என்று வேகமாகச் சுற்றினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்த பிறகு சுற்றச் சுற்ற, பிஸ்டன் வால்வுகளை மோதி வளைத்துவிடும். மாருதி 800, பழைய சான்ட்ரோ, டஸ்டர் டீசல் போன்றவற்றில் இருப்பது பெல்ட். மாருதியின் கே சீரிஸ் எஞ்சின்களில் செயின். உங்கள் காரில் எது, பெல்ட் என்றால் எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்பது கார் கையேட்டில் இருக்கும்.

டீசல் கார் என்றால்

டீசலில் பிளக் பொறி கிடையாது. காற்றை அழுத்தும் சூட்டிலேயே எரிபொருள் பற்றுகிறது. ஆகவே தேட வேண்டியது பெரும்பாலும் டீசல் வரும் வழியில்தான். டேங்க் முழுக்கக் காலியாகியிருந்தால் குழாயில் ஏர் லாக் விழுந்திருக்கும். டீசல் ஊற்றினால் மட்டும் போதாது, காற்றை வெளியேற்ற வேண்டும். அடைத்த ஃபில்டரும் அதில் தேங்கிய தண்ணீரும் அடுத்த சந்தேகங்கள். காமன் ரெயில் எஞ்சின்களில் செல்ஃப் அடிக்கும்போதே ரெயிலில் சுமார் 200 பார் அழுத்தம் ஏறினால்தான் இன்ஜெக்டர் திறக்கும். குளிரில் சிலிண்டரைச் சூடேற்றித் தரும் குளோ பிளக்கின் கோளாறு ஊட்டி, கொடைக்கானலில் தொல்லை தரலாம். சென்னை வெயிலில் அரிது. இப்போதுதான் பங்கில் டீசல் அடித்து வந்தீர்கள் என்றால், பில்லை எடுத்து பெட்ரோல் அடித்துவிட்டார்களா என்று பாருங்கள்.

ஸ்கேனர் சொல்வதும் சொல்லாததும்

2013-க்குப் பிறகு இந்தியாவில் வந்த கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் ‘பி0335’ என்று வரலாம். அது கிராங்க் சென்சார் ‘சர்க்யூட்’டில் கோளாறு என்று சொல்லும் எண், சென்சாரை மாற்று என்ற உத்தரவு அல்ல. எலி கடித்த வயரும், துருப்பிடித்த கனெக்டரும் அதே எண்ணைத்தான் காட்டும். வயரைச் சோதிக்காமல் சென்சார் வாங்கினால் பணம் போகும், கோளாறு போகாது. எண் எதுவும் வராவிட்டால் எல்லாம் சரி என்றும் ஆகிவிடாது. தேய்ந்த பம்பின் அழுத்தக் குறைவைப் பல கார்களில் ஸ்கேனர் பிடிக்காது.

செய்யக் கூடாதவை

பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்காதீர்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே அரை நிமிடமாவது விடுங்கள். இல்லையென்றால் செல்ஃப் மோட்டார் சூடேறும், பேட்டரியும் இறங்கும். பிறகு ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளாதீர்கள். செல்ஃப் செய்துகொண்டிருக்கும் வேலையைத்தான் தள்ளுபவர்களும் செய்வார்கள். இல்லாத பெட்ரோலையும் பொறியையும் அது கொண்டுவராது. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் சேர்ந்து அதைக் கெடுக்கக்கூடும்.

வெள்ளத்தில் நின்ற காருக்கு இந்தச் சோதனைகள் எதுவும் பொருந்தாது. 2015 டிசம்பர் மழையிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. அப்படிப்பட்ட காரில் சாவியையே தொடக் கூடாது. தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால், சிலிண்டருக்குள் நீர் இருக்க எஞ்சின் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பாலிசி இல்லாவிட்டால், அந்தச் சேதத்துக்குக் காப்பீடு பொதுவாகக் கிடைக்காது.

மெக்கானிக்கை அழைக்கும்போது நான்கு விவரங்களைச் சொல்லுங்கள்: செல்ஃப் எந்த வேகத்தில் சுற்றுகிறது, பம்ப் சத்தம் கேட்கிறதா, எந்த விளக்கு எரிகிறது, நிற்பதற்கு முன் வண்டி எப்படி ஓடியது. அவர் ஒரு பாகத்தை மாற்ற வேண்டும் என்றால், எந்தச் சோதனையில் அது தெரிந்தது, அளவு எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். கேஜைக் காட்டியே பதில் சொல்வார்.