எல்லைப்புற ஆய்வுக்கூடங்களில் நுண்ணுயிர்ப் பாதுகாப்பு

அட்டப்பாடியிலும் மூணாறு வட்டாரத்திலும் காய்ச்சலுடன் வருவோரின் இரத்தமும் மலமும் முதலில் சேருமிடம் சிறிய ஆய்வுக்கூடமே. டைபாய்டு, எலிக்காய்ச்சல் கிருமிகள் அவற்றில் இருக்கக்கூடும். வழக்கமான பாகுபாட்டில் இவை இரண்டாம் அபாயத் தொகுதியைச் சார்ந்தவை. நோய் தருபவை, எனினும் சிகிச்சை உள்ளவை.

பிப்பெட்டை வாயால் உறிஞ்சுதலும், பயன்படுத்திய ஊசியை மீண்டும் மூடுதலும் அறவே கூடாது. மையவிலக்குக் கருவியில் குழாய் உடைந்தால், நுண்துளிகள் அடங்க அரைமணி நேரம் மூடியைத் திறவாதிருத்தல் வேண்டும். இவை செலவில்லாத பழக்கங்கள்.

செலவு பிடிப்பது கழிவு. நுண்ணுயிர்க் கழிவை ஆய்வுக்கூடத்திலேயே கிருமிநீக்கம் செய்த பின்னரே வெளியே அனுப்பவேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதி. கேரள மருத்துவக் கழிவின் பெரும்பகுதி பல்லாண்டுகள் பாலக்காட்டிலுள்ள இந்திய மருத்துவச் சங்கத்தின் 'இமேஜ்' நிலையத்துக்கே சென்றுவந்தது. இடுக்கியின் மலைச்சாலைகளிலிருந்து அது நெடுந்தொலைவு. வழியில் பை கிழியுமாயின் ஆபத்து ஓட்டுநருக்கும் சுமை இறக்குவோருக்குமே. பையில் இருப்பது யாதென அவர்கள் அறியார்.

அழுத்த நீராவிக் கலத்தில் 121 டிகிரி செல்சியஸ், 15 பவுண்டு அழுத்தம், குறைந்தது 60 நிமிடங்கள் என்பது கழிவுக்கான அளவு. இடையில் மின்சாரம் தடைப்பட்டால் கணக்கை முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஆகவே, கலம் வாங்க நிதி ஒதுக்கும் அலுவலர்கள் மின்னாக்கி, பழுதுபார்ப்பு, வெப்பம் தாங்கும் நுண்ணுயிர் வித்துகள் அடங்கிய சோதனைப் பட்டை ஆகியவற்றின் தொடர்செலவையும் அதே மதிப்பீட்டில் சேர்த்தல் வேண்டும். அப்பட்டையின்றிக் கலம் கிருமியைக் கொன்றதா என்று உறுதிசெய்தல் அரிது.